முதல் கேமிங் பிசி: எங்கே அழுத்த வேண்டும், எங்கே அழுத்தக் கூடாது

பிராசஸரை அழுத்தவே கூடாது. ரேமை நன்றாக அழுத்த வேண்டும். முதல் முறையாக பிசி அசெம்பிள் பண்ணுகிறவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 'ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல' என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது பாதி ஏறிய ரேமோ, முழுதாகச் செருகாத கேபிளோதான். ஆனால் கையைச் சுடுகிற தவறுகள் ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன்பே, பில் போடும்போதே நடந்துவிடுகின்றன. எனவே கடையிலிருந்தே ஆரம்பிப்போம். பேச வசதியாக ஒரு நடுத்தர செட்டை எடுத்துக்கொள்ளலாம்: ரைசன் 5 7600, பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு, ஆர்டிஎக்ஸ் 4060.

டிடிஆர்4 ரேம் டிடிஆர்5 ஸ்லாட்டில் நுழையாது, நடுவில் உள்ள வெட்டின் இடமே வேறு. இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறை பிராசஸர்களுக்கான எல்ஜிஏ1700 சாக்கெட் போர்டுகளில் இரண்டு வகையும் உண்டு. கிட்டத்தட்ட ஒரே பெயரில் வருவதால் பெட்டியைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். இன்னொன்று பயாஸ், அதாவது பிசி ஆன் ஆனதும் முதலில் ஓடுகிற, போர்டிலேயே பதிந்த மென்பொருள். பி650 போர்டுகள் 2022இல் வந்தவை. ரைசன் 9000 வரிசை 2024இல் வந்தது. கடையில் நாள்பட்டுக் கிடந்த போர்டின் பயாஸுக்குப் புது பிராசஸரைத் தெரியாது. அதைப் போட்டால், இரண்டிலும் பழுதில்லாமலே டிஸ்ப்ளே வராது. பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டாக இருந்தால், ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்த பென்டிரைவை வைத்து பிராசஸர் இல்லாமலே அப்டேட் பண்ணிக்கொள்ளலாம்.

பிசிக்கு மின்சாரம் பிரித்துத் தருகிற எஸ்எம்பிஎஸ்ஸில் கஞ்சத்தனம் கூடாது. இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. கேபினட்டோடு சேர்த்துத் தருகிற பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரில் '500 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதே ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். அங்கே 25 ஆம்பியர் என்றிருந்தால் கணக்கு 12 பெருக்கல் 25, வெறும் 300 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான். நம் செட்டில் 4060க்கு 115 வாட், 7600க்கு அதிகபட்சம் 88 வாட். மற்றதெல்லாம் சேர்ந்தாலும் மொத்தம் 300ஐத் தாண்டாது. நல்ல 550 வாட் தாராளம், 850 வாட்டுக்குப் போக அவசியமில்லை. '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும். உள்ளே ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு இருக்கிறதா, கெபாசிட்டர் நல்லதா என்பதெல்லாம் அதிலிருந்து தெரியாது.

கரண்ட் போய் வருகிற ஊரில் யுபிஎஸ்ஸும் வாங்குவோம். 600 விஏ என்றால் வழக்கமாக 360 வாட்தான். கேம் ஓடும்போது மானிட்டரும் சேர்ந்தால் அதை நெருங்கிவிடும். கரண்ட் போன நொடியே 'கீ' என்று கத்திவிட்டு யுபிஎஸ்ஸும் அணைந்துபோகும். 1000 விஏ பாதுகாப்பானது. அதுவும் சேவ் பண்ணிவிட்டு ஷட்டவுன் செய்வதற்குத்தான்.

கேபினட்டைத் தொட்டால் 'சுர்' என்று இழுக்கிறதா? எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று அதைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை என்பதுதான் முதல் சந்தேகம். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் சிறு கசிவை எர்த் வயர் வழியாக வெளியே அனுப்பும். எர்த் செத்துக் கிடந்தால் அது கேபினட்டின் இரும்பிலேயே நின்றுவிடும். மூன்று ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஆக்கும் அடாப்டர் பக்கமே போக வேண்டாம்.

இனி அசெம்ப்ளி. மதர்போர்டை அதன் அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். நம் 7600 உட்காரும் ஏஎம்5 சாக்கெட் வகையில் பின்கள் பிராசஸரில் இல்லை, போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன: 1718 மெல்லிய கம்பிகள். விரல் பட்டாலே வளையும், வளைந்தால் வாரண்டி போச்சு. லீவரைத் தூக்கி மூடியைத் திறந்து, பிராசஸர் மூலையில் உள்ள சிறு முக்கோணத்தை சாக்கெட்டில் உள்ள முக்கோணத்தோடு பொருத்தி, ஓரங்களைப் பிடித்து அப்படியே கீழே விட வேண்டும். தானாக உட்காரும். உட்காரவில்லையென்றால் தூக்கி மறுபடி வையுங்கள். பலம் தேவைப்படுவது லீவரை மூடும்போது மட்டும்தான். அப்போது 'கறக்' என்று பயமுறுத்தும், பரவாயில்லை. மேலிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானே தெறித்து விழும். அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், வாரண்டிக்குப் போர்டை அனுப்பும்போது கேட்பார்கள்.

ரேமுக்கு நேர் எதிர் வைத்தியம். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேமை பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். அடுத்தடுத்துப் போட்டால் இரண்டும் ஒரே சேனலில் போய்விடும். கேமில் ஃபிரேம் குறையும், காரணம் பிடிபடாது. இரு முனையிலும் கட்டைவிரலை வைத்து, போர்டு லேசாக வளைகிறதே என்று மனசு பதறும் அளவுக்கு அழுத்த வேண்டும். 'டக்' சத்தம் கேட்க வேண்டும். பல போர்டுகளில் ஒரு பக்கம்தான் கிளிப் இருக்கும், கிளிப் இல்லாத முனைதான் ஏமாற்றும். பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்: ரேமின் அடியில் உள்ள தங்கநிறப் பட்டை ஒரு முனையில் மெல்லிசாகத் தெரிந்தால் இன்னும் ஏறவில்லை.

எம்.2 எஸ்எஸ்டியைச் சாய்வாக நுழைத்து, பிறகு படுக்கவைத்து ஸ்க்ரூ போட வேண்டும். மேலே வரும் ஹீட்சிங்க் பட்டையின் அடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபிலிம் இருக்கும், அதை உரித்தாக வேண்டும். தனியாக வாங்கும் கூலரின் அடியிலும் இதே கதை. ஃபிலிமை உரிக்காமல் மாட்டி, விண்டோஸ் திறந்ததுமே 95 டிகிரி காட்டுகிறது என்று, பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட்டைக் குறை சொல்வார்கள். 7600 பெட்டியில் வரும் கூலரில் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருக்கும், மேலே இன்னொரு கோட் அடிக்காதீர்கள். தனிக் கூலர் என்றால் நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். பிராசஸர் பெட்டியில் வரும் அந்த ஸ்டாக் கூலரை மாட்ட, போர்டில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் பிராக்கெட்டுகளை முதலில் கழற்ற வேண்டும். பழைய ஏஎம்4 போர்டாக இருந்தால் அவற்றைக் கழற்றியதும் பின்புறத் தகடு கீழே விழுந்துவிடும், கையால் தாங்கிக்கொள்ளுங்கள். நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

இந்த இடத்தில் கேபினட்டுக்குள் போகாதீர்கள். பெட்டியின் மேல் இருக்கும்போதே 24 பின் கேபிளையும், மேல் மூலையில் உள்ள 8 பின் சிபியு கேபிளையும் செருகி ஒருமுறை ஆன் பண்ணிப் பாருங்கள். 7600க்குள்ளேயே சின்ன கிராபிக்ஸ் இருப்பதால் மானிட்டரை மதர்போர்டிலேயே மாட்டலாம். பவர் பட்டன் இல்லையே என்றால், பவர் எஸ்டபிள்யூ என்று குறித்த இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டால் போதும். டிடிஆர்5இல் முதல் தடவை ரேமைப் பழக்கப்படுத்திக்கொள்ள போர்டு சில நிமிடம் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு செத்துவிட்டதென்று பொறுமையிழந்து ஆஃப் செய்துவிடுவது இங்கே வாடிக்கையான தவறு. கால் மணி நேரம் கொடுங்கள்.

கேபினட்டில் இறக்கும் முன், போர்டைத் தாங்குவதற்காக அடியிலிருக்கும் சிறு உலோகக் கால்களான ஸ்டாண்ட்-ஆஃப்களை எண்ணிப் பாருங்கள். போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு ஸ்டாண்ட்-ஆஃப் நின்றால் அது பின்புறச் சால்டரில் இடித்து ஷார்ட் ஆக்கும். பின்பக்க போர்ட்டுகளைச் சுற்றி வரும் ஐஓ தகடு தனியாக வந்திருந்தால் போர்டுக்கு முன்னால் அதை மாட்ட வேண்டும். எல்லா ஸ்க்ரூவும் போட்ட பிறகு மேசையில் அந்தத் தகடு பளபளவென்று கிடப்பதைப் பார்ப்பது பெரிய கொடுமை. சிபியு 8 பின்னும் கிராபிக்ஸ் கார்டு 8 பின்னும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முன்னது 4+4 ஆகப் பிரியும், பின்னது 6+2. மாற்றிச் செருகப் பார்த்தால் போகாது. போகாததைக் குத்தி நுழைக்காதீர்கள். அதைவிட ஆபத்தானது, கேபிளைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் புதியதில் கச்சிதமாக நுழையும், ஆனால் உள்ளே வயர்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆன் செய்த நொடியில் ஹார்ட்டிஸ்க் புகையலாம்.

16 பின் கேபிள் கேட்கும் பெரிய கார்டு வாங்கினால் இடைவெளி தெரியாத அளவு செருகுங்கள், கனெக்டரை ஒட்டியே மடிக்காதீர்கள். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் சில உருகியதற்கு முழுதாகச் செருகாததும் ஒரு காரணம்.

கண்ணாடி முகப்பு கேபினட் அழகுதான். கத்திரி வெயிலில் அறையே 38 டிகிரி இருக்கும்போது, முன்னால் காற்று நுழைய வழியில்லாத பெட்டி குக்கர் ஆகிவிடும். வலை முகப்பு வாங்குங்கள். ஃபேனில் குறுக்குக் கம்பிகள் இருக்கும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். முன் ஃபேனுக்கு அந்தப் பக்கம் உள்ளே, பின் ஃபேனுக்கு வெளியே.

எல்லாம் முடிந்து விண்டோஸ் போட உட்காரும்போது வைஃபை டிரைவர் இல்லாமல் செட்டப் பாதியில் நிற்கும். மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து லேன், வைஃபை டிரைவரை முன்பே பென்டிரைவில் ஏற்றிவையுங்கள். பயாஸில், ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போவை ஆன் செய்யாவிட்டால் 6000 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் பெரும்பாலும் 4800இல்தான் ஓடும். மானிட்டர் கேபிளை மறக்காமல் கிராபிக்ஸ் கார்டுக்கு மாற்றுங்கள். நம் செட்டில் மதர்போர்டிலும் படம் தெரியும் என்பதால், கார்டு சும்மா கிடக்க கேம் தத்தித் தத்தி ஓடுவது பல நாள் கண்ணில் படாமலே போகலாம். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரையும் விண்டோஸ் 60இல் வைத்திருக்கக்கூடும், டிஸ்ப்ளே செட்டிங்கில் பார்த்து மாற்றிவிடுங்கள்.

அப்படியும் திரை கறுப்பாக இருந்தால் போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கின்றனவா பாருங்கள். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. டிராம் என்றால் பவர் கேபிளைப் பிடுங்கி, ஒரு ரேமை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் வைத்து மறுபடி ஆன் பண்ணுங்கள். இந்தத் தடவை 'டக்' கேட்கும்வரை அழுத்துங்கள்.