முக்கோணத்தை நம்பி மூட்டை கட்டாதீங்கோ: பொருட்கள் பாடத்தில தவிர்க்க வேண்டிய பிழைகள்

போன கிழமை வெள்ளவத்தையில நான் சயன்ஸ் படிப்பிக்கிற இடத்துக்கு ரெண்டு பத்தாம் வகுப்புப் பிள்ளையள் ஒரு பெரிய உரப்பை நிறையப் பிளாஸ்டிக் சாமான்களை இழுத்துக்கொண்டு வந்தாங்கள், ஸ்கூல் சுற்றாடல் புரொஜெக்டாம். "சேர், எல்லாத்திலயும் அம்புக்குறி போட்ட மீள்சுழற்சி முக்கோணம் இருக்கு, பாத்துத்தான் சேர்த்தம்" எண்டு அவங்கள் சொல்லேக்க எனக்கு மனசு சரியில்லாமப் போட்டுது, ஏனெண்டா நான் படிப்பிக்கத் தொடங்கின முதல் வருஷம் செய்த பிழை அப்பிடியே அதுக்குள்ள கிடந்தது. கழுவு, மூடியைக் கழட்டு எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சதை இதில எழுதேல்ல.

முக்கோணம் இருந்தா மீள்சுழற்சி செய்யலாம் எண்டு நினைக்கிறது

அந்த வருஷம் ஒரு தவணை முழுக்க பிள்ளையளோட சேர்ந்து பதினாலு மூட்டை சேர்த்தம். த்ரீவீல் பிடிச்சு மூண்டு தடவையா ஏத்தி இறக்கினம். எடுக்க வந்தவர் முதல் மூட்டையை அவிழ்த்தார், தண்ணிப் போத்தலோட ஷாம்பு போத்தல், யோகட் கப், உடைஞ்ச பைப் துண்டு எல்லாம் கலந்து கிடந்தது, ஒண்டும் சொல்லாம திருப்பிக் கட்டிப்போட்டுப் போட்டார். கடைசியில பதினாலும் குப்பை லொறியிலதான் போச்சு. பிள்ளையள் நிண்டு பாத்துக்கொண்டிருந்த முகம் இண்டைக்கும் மறக்கேல்ல.

அந்த முக்கோணமும் நம்பரும் 1988இல அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்காரர் கொண்டுவந்தது. அது சொல்லுறது என்ன வகைப் பிளாஸ்டிக் எண்டதை மட்டும்தான். 1 பெட் (PET, தண்ணிப் போத்தல் செய்யிறது), 2 அடர்த்தி கூடின பொலித்தீன், 3 பிவிசி (PVC, தண்ணி பைப் செய்யிறது), 4 அடர்த்தி குறைஞ்ச பொலித்தீன், 5 பொலிபுரொப்பிலீன், 6 பொலிஸ்டைரீன், 7 மற்றதெல்லாம். ஆக்கள் இதைப் பிழையா விளங்குறாங்கள் எண்டுதான் 2013இல அம்புக்குறியை எடுத்துட்டு வெறும் முக்கோணமாக்கினாங்கள், ஆனா பழைய அச்சுகள் இன்னும் ஓடுது.

கலந்தா என்ன எண்டு கேப்பாங்கள். பெட் உருக 250 பாகை செல்சியசுக்கு மேல வேணும், பிவிசி அவ்வளவு சூட்டுக்குப் போக முதலே பிரிஞ்சு ஐதரசன் குளோரைட்டு வாயுவை விடும், அந்த அமிலம் பெட்டின்ர நீள மூலக்கூற்றுச் சங்கிலியளை வெட்டிப்போடும், பிளாஸ்டிக் மஞ்சளாகி நொறுங்கும். ஒரு துண்டு பைப்தானே எண்டு விடேலாது. இந்த வாயு வாறதாலதான் பிவிசியை எரிச்சுப் பாக்கக்கூடாது, வீட்டில ஒருநாளும் வேண்டாம்.

சரி, நம்பர் அழிஞ்சிருந்தா எப்பிடிப் பிரிக்கிறது? ஒரு வாளித் தண்ணி போதும். சின்னத் துண்டா வெட்டி, பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு சொட்டு விட்டு அமத்திப் பாருங்கோ, காத்துக்குமிழி ஒட்டியிருந்தா தாழுறதும் மிதக்கும். 2, 4, 5 மிதக்கும், 1, 3, 6 தாழும். யோகட் கப் 6 எண்டா அதின்ர அடர்த்தி தண்ணியின்ர 1.05 மடங்குதான், உப்பு கரையாம அடியில நிக்கிற அளவுக்குப் போட்ட தண்ணியில மேல வந்துடும், பெட் வராது. ரெஜிபோமும் 6 தான், உள்ள காத்து நிரம்பியிருக்கிறதால வெறும் தண்ணியிலயே மிதக்கும், அதில ஏமாறாதீங்கோ. பெட்டும் பிவிசியும் ரெண்டும் தாழுறதுதான் ஆபத்து, தண்ணியால பிரிக்கேலாது. பெட் போத்தலின்ர அடியில நடுவில ஒரு சின்னப் பொட்டு இருக்கும், அதைத் தடவிப் பாத்துப் பெட்டை அறியப் பழகுங்கோ.

அடர்த்தி பாடத்துக்கு மட்டும் எண்டு நினைக்கிற பிள்ளையளுக்கு நான் 2021 மே மாசத்தைத்தான் ஞாபகப்படுத்துறது. கொழும்புக்கு வெளிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிஞ்சு, நீர்கொழும்புக் கரை எல்லாம் வெள்ளை உருண்டையள் வந்து குவிஞ்சுதே, அது பொலித்தீன், கடல் தண்ணியை விட அடர்த்தி குறைவு, அதாலதான் அடியில போகாம அலையோட கரைக்கு வந்தது.

எல்லாப் பிளாஸ்டிக்கும் உருகும் எண்டு எழுதுறது

சட்டிப்பிடி, பழைய சுவிச் மாதிரி வெப்பமிறுக்கும் வகை உருகாது, கருகும். சங்கிலியள் குறுக்க குறுக்கப் பிணைஞ்சிருக்கு. டயரும் அப்பிடித்தான், இறப்பருக்குக் கந்தகம் போட்டு வல்கனைசு செய்யேக்க அதே குறுக்குப் பிணைப்பு வந்துடும். பரீட்சையில "மீள உருக்கி வார்க்கலாம்" எண்டு எழுதி மாக்ஸ் விடாதீங்கோ.

அலுமினியம் ஒட்சிசனோட தாக்கம் புரியாது எண்டு எழுதுறது

புரியும். புரிஞ்சு வாற ஒட்சைட்டுப் படலம்தான் உள்ளுக்குக் காக்குது. அலுமினியச் சோடா கானை எறியாதீங்கோ, தாதுப்பொருள்ல இருந்து எடுக்கத் தேவையான சக்தியில கிட்டத்தட்ட 5 வீதம் போதும் அதைத் திருப்பி உருக்க.

தகரப்பேணி எல்லாம் தகரம் எண்டு நினைக்கிறது

அது உருக்கு எண்ட இரும்பு வகை. காந்தம் பிடிச்சுப் பாருங்கோ.

சோத்துப் பார்சல் பேப்பர்

கறி எண்ணெய் ஊறினா பேப்பர் மூட்டைக்குள்ள போடக்கூடாது.