லெக்சிங்டன், கான்கார்ட்: எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்க விடுதலைப் போரின் முதல் மோதல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே சறுக்கிவிடுகிறார்கள்: "தனி நாடு கேட்டு மக்கள் ஆயுதம் ஏந்தினார்கள்." 1775 ஏப்ரல் 19 அன்று துப்பாக்கி தூக்கிய மாசசூசெட்ஸ் விவசாயிகளில் அநேகமாக யாரும் அதற்காகப் போகவில்லை. ஆங்கிலேயக் குடிமக்களுக்குரிய உரிமைகளைத் தங்களிடமிருந்து பறிக்கிறார்கள் என்பதுதான் அவர்கள் கோபம். அந்த ஜூலையில்கூட குடியேற்றங்களின் காங்கிரஸ் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சமாதான விண்ணப்பம் எழுதியது. சுதந்திரப் பிரகடனம் வந்தது 1776 ஜூலையில்.

பிரிட்டிஷ் படை புறப்பட்டது வரி வசூலிக்கவும் அல்ல. கான்கார்டில் குடிப்படையினர், அதாவது ஊர்க்காரர்களே சேர்ந்த ஆயுதப் படையினர், பதுக்கியிருந்த பீரங்கி, வெடிமருந்து, உணவுப்பொருள்களை அழிக்கச் சொல்லி, ஆளுநர் தாமஸ் கேஜ் சுமார் 700 சிப்பாய்களைப் பாஸ்டனிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பினார்.

அப்புறம், படை வருவதை அன்றிரவு குதிரையில் போய் எச்சரித்த பால் ரெவியர். "பிரிட்டிஷார் வருகிறார்கள்!" என்று அவர் கத்தியிருக்க வாய்ப்பில்லை, அவரும் தன்னைப் பிரிட்டிஷ்காரராகவே நினைத்த காலம் அது. "ரெகுலர்கள் (மன்னரின் நிரந்தரப் படையினர்) கிளம்பிவிட்டார்கள்" என்பதே செய்தி. அதோடு, கான்கார்டுக்கு அவர் போய்ச் சேரவே இல்லை. வழியில் பிடிபட்டார், செய்தியைக் கொண்டுபோனவர் சாமுவேல் பிரெஸ்காட் என்ற இளம் மருத்துவர். 1860-இல் லாங்ஃபெல்லோ எழுதிய கவிதைதான் ரெவியரைத் தனி வீரராக்கியது.

கான்கார்டுக்குப் போகும் வழியிலுள்ள லெக்சிங்டனில் முதல் குண்டு யாருடையது? இன்றுவரை தெரியாது. எந்தப் பக்கம் சாய்த்து எழுதினாலும் அது ஊகம்தான். அங்கே குடிப்படைத் தலைவர் ஜான் பார்க்கரின் கீழ் நின்றவர்கள் எண்பது பேர்கூட இல்லை; எட்டுப் பேர் இறந்தார்கள். காயப்பட்டவர்களில் ஒருவர் பிரின்ஸ் எஸ்டாபுரூக் என்ற கறுப்பின அடிமை. விடுதலைப் போரின் முதல் காலையில் ரத்தம் சிந்தியவர்களில் விடுதலை இல்லாத ஒருவரும் இருந்தார் என்பதைப் பலர் எழுதாமலே கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

கான்கார்டை லெக்சிங்டனின் தொடர்ச்சியாக ஒரே வரியில் முடிப்பது இன்னொரு தவறு. அங்கே கதையே வேறு. சிப்பாய்கள் ஊருக்குள் பீரங்கி வண்டிகளை எரித்தார்கள். தீ நகர மன்றக் கட்டடத்துக்குத் தாவியபோது அதை அணைக்க அவர்களே உதவினார்கள். ஆற்றுக்கு அப்பால் நின்ற சுமார் 400 குடிப்படையினருக்குத் தெரிந்ததோ புகை மட்டும். ஊரையே கொளுத்துகிறார்கள் என்று நினைத்து வடக்குப் பாலத்தை நோக்கி இறங்கினார்கள். "அவர்கள் சுட்டாலொழியச் சுடாதீர்கள்" என்பது உத்தரவு. முன்வரிசையில் ஆக்டன் ஊரின் ஐசக் டேவிஸ். துப்பாக்கி செய்கிறவர் என்பதால் தன் ஆட்களின் துப்பாக்கி முனையில் பயனெட் என்ற கத்தியைப் பொருத்திக் கொடுத்திருந்தார்; அவர்கள் முன்னே போனதற்கு அதுவும் ஒரு காரணம். பாலத்தில் முதலில் சுட்டது சிப்பாய்கள்தான். டேவிஸ் அங்கேயே விழுந்தார். அதன் பிறகுதான் குடிப்படையின் மேஜர் பட்ரிக் சுடச் சொன்னார். மன்னரின் படையைத் திருப்பிச் சுடும்படி வெளிப்படையாக உத்தரவிட்டது இங்கேதான்.

சிப்பாய்கள் பாஸ்டனுக்குத் திரும்பிய வழியைப் பற்றியும் ஒரு கற்பனை உண்டு: மரத்துக்குப் பின்னால் ஒளிந்து குறி தவறாமல் சுட்ட வேட்டைக்காரர்கள். ஒளிந்து சுட்டவர்கள் உண்டு, ஆனால் பலர் தளபதிகளின் கீழ் அணி அணியாகத்தான் போரிட்டார்கள். கையில் இருந்தவையும் பெரும்பாலும் தூரத்துக்குக் குறி நிற்காத மஸ்கட்டுகள். சுவருக்குப் பின்னால் பதுங்கியவர்கள் பலரைச் சிப்பாய்களின் பக்கவாட்டு அணிகள் சுற்றி வளைத்துக் கொன்றன. அந்த வழியில் இருந்த மெனோட்டமி ஊரில் சண்டை வீட்டுக்குள்ளேயே நடந்தது. நாள் முடிவில் பிரிட்டிஷ் தரப்பில் 73 பேரும் குடிப்படை தரப்பில் 49 பேரும் இறந்திருந்தார்கள்.

ஜூன் 17-இன் பங்கர் ஹில் சண்டைக்கு வந்தால், அது பெரும்பாலும் நடந்தது பக்கத்துப் பிரீட்ஸ் ஹில்லில். குன்றைப் பிடித்தது பிரிட்டிஷ் படை. ஆனால் அதற்குக் கொடுத்த விலை செத்தவர்களும் காயப்பட்டவர்களுமாக ஆயிரத்துக்கும் மேல். வாஷிங்டனை அங்கே கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். அவர் கேம்பிரிட்ஜில் படைப் பொறுப்பை ஏற்றது ஜூலை 3-ஆம் தேதி.