கொழும்பில் கார் ஓட்டப் போகிறவர்களுக்கு: வேகத் தண்டமும் இன்சூரன்ஸும்

டொரொன்டோவிலோ லண்டனிலோ ஓட்டிப் பழகியவர்கள் கொழும்பில் வேகத்துக்காகத் தண்டப்பத்திரம் வாங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "இன்சூரன்ஸ் ஏறுமா?" என்பதுதான். நேரடியாக ஏறாது. இங்குள்ள கம்பனிகள் வாகனத்தின் பெறுமதி, அதை எதற்குப் பாவிக்கிறீர்கள், எத்தனை வருடம் கிளெய்ம் கேட்காமல் இருந்தீர்கள் என்பதை வைத்தே பிரிமியம் போடுகின்றன. பொலிஸ் எத்தனை முறை மறித்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. ஆனால் தண்டத்தைக் கட்டாமல் விட்டால் லைசன்ஸ் கையில் இல்லாத நிலை வரும். அந்த நிலையில் எங்காவது இடித்தால் கிளெய்மை நிராகரிக்கக் கம்பனிக்குக் காரணம் கிடைத்துவிடும். ஆகவே தண்டத்தை உரிய நாளுக்குள் முடிப்பதே முதல் வேலை.

வேக எல்லை: நகரப் பகுதியில் காருக்கு மணிக்கு 50 கிலோமீற்றர், நகரத்துக்கு வெளியே 70, அதிவேக நெடுஞ்சாலையில் 100. பலகை குறைவாகச் சொன்னால் பலகைதான் சட்டம். எல்லையை எத்தனை சதவீதம் தாண்டினீர்கள் என்பதைப் பொறுத்துத் தண்டம் படிப்படியாக ஏறும். 20, 30, 50 சதவீதம் என்பவை அந்தப் படிகள். 50 எல்லையில் 60ஐத் தாண்டினாலே முதல் படி முடிந்துவிடும். 70 எல்லையில் அது 84. கொழும்புக்குள் நெரிசலே வேகத்தைக் கட்டிப்போடும். விடியற்காலையில் வெறிச்சென்று கிடக்கும் மரைன் டிரைவும் பேஸ்லைன் வீதியும்தான் ஆபத்து. யாழ்ப்பாணம் போகும்போது புத்தளம் வீதியில் ஒவ்வொரு சிறு நகரத்தின் தொடக்கத்திலும் 70 சட்டென்று 50 ஆகும். வேகத் துப்பாக்கியோடு நிற்பவர்களும் பெரும்பாலும் அந்த இடங்களில்தான் நிற்பார்கள். எதிரே வரும் வாகனங்கள் பகலில் லைட் அடித்துக் காட்டினால் முன்னால் பொலிஸ் என்று அர்த்தம். இது இந்த ஊர்ச் சகோதரத்துவம். நம்பலாம், ஆனால் அதை மட்டும் நம்பி ஓட்ட வேண்டாம்.

மறித்தால் இடப்பக்கம் ஓரமாக நிறுத்துங்கள். லைசன்ஸ், இன்சூரன்ஸ் அட்டை, ரெவெனியூ லைசன்ஸ் (வருடாந்த வாகன வரிப்பத்திரம்), புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவை ஒரே உறையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். கருவி காட்டிய வேகத்தைப் பார்க்க வேண்டும் என்று மரியாதையாகக் கேட்கலாம். பத்திரத்தை வாங்கியதும் வாகன இலக்கம், லைசன்ஸ் இலக்கம், குற்றம், தொகை, திகதி, எந்தப் பொலிஸ் நிலையம் என்ற ஆறையும் அங்கேயே வாசியுங்கள். இலக்கத்தில் ஓர் எழுத்துப் பிழைத்திருந்தாலும் பிறகு திருத்த அலைய வேண்டும். சிங்களம் வாசிக்க வராவிட்டால் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள், தப்பில்லை. "கொஞ்சம் கொடுத்து முடிப்போமா" என்ற யோசனையை விடுங்கள். கொடுப்பதும் குற்றம். யாராவது கேட்டால் இலஞ்ச ஆணைக்குழுவின் 1954க்கு அழைக்கலாம்.

வழமையான முறையில் உங்கள் லைசன்ஸைப் பொலிஸ் வைத்துக்கொள்ளும். கையில் தரும் பத்திரமே 14 நாளுக்குத் தற்காலிக லைசன்ஸ். அதற்குள் தபால் நிலையத்தில் பணம் கட்டி, பற்றுச்சீட்டோடு குறித்த பொலிஸ் நிலையத்துக்குப் போய் லைசன்ஸை மீட்க வேண்டும். 14 நாள் தாண்டினால் தண்டம் இரட்டிப்பு. 28 நாளும் தாண்டினால் வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கேயும் தவணைக்குப் போகாவிட்டால் பிடியாணை. பலர் கோட்டை விடுவது பதினைந்தாம் நாளில்தான். "இரட்டிப்பாகக் கட்டிவிடுவோம்" என்று இருப்பவர்கள், பத்திரம் லைசன்ஸாகச் செல்லுபடியாவதும் பதினான்காம் நாளோடு முடிந்தது என்பதை மறந்து தொடர்ந்து ஓட்டுகிறார்கள்.

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு வவுனியாவில் பிடிபட்டால் லைசன்ஸ் வவுனியாவில் கிடக்கும். அதனால்தான் 2025இல் வந்த கவ்பே (GovPay), அதாவது அரசாங்கக் கட்டணங்களை இணையத்தில் கட்டும் முறை, பெரிய ஆறுதல். உங்கள் வங்கியின் கைப்பேசிச் செயலியில் கவ்பேயைத் திறந்து, பத்திரத்தில் உள்ள விபரங்களைப் போட்டு, அந்த இடத்திலேயே கட்டலாம். பணம் சேர்ந்த தகவல் அதிகாரிக்கு வந்ததும் லைசன்ஸ் உடனே கையில். தூரப் பயணத்துக்கு முன் செயலி வேலை செய்கிறதா, கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். தண்டம் கட்டச் சொல்லி எஸ்எம்எஸ்ஸில் வரும் இணைப்பை மட்டும் தொடாதீர்கள். அட்டை விபரம் திருடும் கூட்டம் அதே பெயரில் அலைகிறது.

கொழும்பு நகரில் 2024 ஜனவரி முதல் சிசிடிவி மூலமும் விதிமீறல் பிடிக்கிறார்கள். அந்தக் கடிதம் பதிவில் உள்ள உரிமையாளரின் முகவரிக்குப் போகும். ஓபன் பேப்பரில், அதாவது பதிவை உங்கள் பெயருக்கு மாற்றாமல், பழைய கார் வாங்கியிருந்தால் கடிதம் போவது முன்னைய சொந்தக்காரருக்கு. தண்டத்தை விடப் பெரிய தலையிடி, வாகனம் ஒருவர் பெயரிலும் இன்சூரன்ஸ் இன்னொருவர் பெயரிலும் இருப்பது. கிளெய்ம் என்று வரும்போது அதுவே முதல் கேள்வி. வாங்கிய கையோடு நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயரை மாற்றுங்கள்.

இனி பிரிமியம். அதை உண்மையில் ஏற்றுவதும் இறக்குவதும் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காத வருடங்களுக்குக் கம்பனி தரும் கழிவு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். போனஸ் இல்லாமல் பிரிமியம் 200,000 ரூபா. உங்களுக்கு 50 சதவீத போனஸ் இருப்பதால் கட்டுவது 100,000. பம்பர் கீறியதற்கு 25,000 ரூபா கிளெய்ம் எடுத்தீர்கள். அடுத்த வருடம் போனஸ் 30 சதவீதமாக இறங்கினால் 140,000 கட்ட வேண்டும். 25,000 வாங்க 40,000 போனது. இழந்த இடத்துக்கு ஏறவும் வருடங்கள் பிடிக்கும். ஒரு கிளெய்முக்கு எத்தனை சதவீதம் இறங்கும் என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். அதை எழுத்தில் கேட்டு வாங்கி, சின்னக் கீறல்களுக்குக் கைக்காசில் பெயின்ட் அடியுங்கள். கம்பனி மாறும்போது போனஸ் உறுதிக் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டுக் கம்பனியின் கடிதம் இருந்தால் அதையும் நீட்டிப் பாருங்கள், கேட்பதற்குக் காசில்லை.

பிரிமியத்தைக் குறைக்க வாகனத்தின் பெறுமதியைக் குறைத்துக் காட்டும் பழக்கம் மோசமானது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் பழைய கார்களின் விலை எகிறியது. 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. சந்தையில் 80 இலட்சம் போகும் காரை 60 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால், அதே விகிதத்தில் 4 இலட்சச் சேதத்துக்கு 3 இலட்சமே தருவார்கள். புதுப்பிக்கும்போதெல்லாம் விலையைச் சரிபாருங்கள். பிரைவேட் என்று எடுத்த பொலிசியோடு பிக்மீ, ஊபரில் வாடகைக்கு ஓட்டினாலும் கிளெய்ம் கிடைக்காது.

வெளிநாட்டு லைசன்ஸோடு அப்படியே ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். சர்வதேச அனுமதிப்பத்திரத்துக்கும் காலிமுகத்திடலுக்கு அருகிலுள்ள ஒட்டோமொபைல் சங்கத்தில் அங்கீகாரம் எடுக்க வேண்டும். 2025 ஓகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலும் வெளிநாட்டவருக்குத் தற்காலிக லைசன்ஸ் தரும் கருமபீடம் இருக்கிறது. நிரந்தரமாகத் தங்குபவர்கள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வேரஹெர அலுவலகத்தில் இலங்கை லைசன்ஸாக மாற்றிக்கொள்வதே நல்லது.

இடித்துவிட்டால் ஆள் காயமா என்று முதலில் பாருங்கள். அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. பிறகு வாகனத்தை நகர்த்துவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்து, இன்சூரன்ஸ் அட்டையில் உள்ள இலக்கத்துக்கு அங்கிருந்தே அழையுங்கள். அவர்களுடைய ஆள் வந்து பார்க்கும்வரை மற்றச் சாரதியோடு காசு பேசி முடிக்க வேண்டாம். பேசி முடித்தபின் கிளெய்ம் கேட்டால் கம்பனி கையை விரித்துவிடும்.