மட்டக்களப்புக் கோட்டைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கோபுரம் தேடிப் போகிறவர்கள்தான் முதலில் ஏமாறுகிறார்கள். எல்லையைக் காத்த பழைய கோட்டை என்று சொன்னதும், அண்ணாந்து பார்க்கவேண்டிய காவற்கோபுரம் ஒன்று மனதில் வந்துவிடுகிறது. புளியந்தீவில் இருப்பதோ வாவியோரம் தாழ்வாகப் படுத்திருக்கும் தடித்த மதில். "இவ்வளவுதானா?" என்று இரண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

அந்தத் தாழ்வில்தான் விஷயமே இருக்கிறது. வில்லும் வேலும் கொண்டு போர் செய்த காலத்தில் உயரம் பலம். பீரங்கி வந்த பிறகு உயர்ந்த கோபுரம் எதிரிக்கு வாய்ப்பான குறியாகிவிட்டது, நாலு குண்டு பட்டால் சரிந்துவிடும். அதனால் மதிலைத் தாழ்த்தித் தடிப்பாக்கினார்கள், மூலைகளை வெளியே தள்ளிக் கொத்தளங்களாகக் கட்டினார்கள். மதிலோடு ஒட்டிப் பதுங்கி வருகிறவனை நேர் மேலே நிற்பவனால் குறிபார்க்க முடியாது, மூலைக் கொத்தளத்தில் நிற்பவனால் பக்கவாட்டில் சுட முடியும். இந்தச் சதுரக் கோட்டைக்கு நாலு மூலையிலும் கொத்தளம் உண்டு. வெளியே ஒரு மூலையருகே நின்று மதிலின் நீளத்துக்கு ஒருமுறை கண்ணை ஓட்டிப் பாருங்கள். பதுங்க இடமில்லை என்பது உடனே விளங்கும்.

அடுத்தது, நேரே வாசலுக்குள் நுழைந்துவிடுவது. வாவியின் எதிர்க்கரையில், அவுலியா பள்ளிவாசல் பக்கமாக நின்று முதலில் பாருங்கள். கோட்டைக்கு இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் வெட்டிய அகழி. தண்ணீரைப் பார்க்காமல் உள்ளே போனால் அலுவலகக் கட்டடங்கள்தான் கண்ணில் படும். கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகம் பல தசாப்தங்களாக இதற்குள்ளேதான் இயங்கியது. அதைக் குறையாகச் சொல்கிறவர்களும் உண்டு. ஆள் புழங்கிய இடம் என்பதால்தான் இந்த அளவுக்காவது நிற்கிறது என்பது என் எண்ணம்.

பெயரை நம்பி வரலாற்றை அங்கேயே நிறுத்திவிடுவது இன்னொன்று. 'ஒல்லாந்தர் கோட்டை' என்கிறோம், முதலில் கட்டியவர்கள் போர்த்துக்கேயர், 1628இல். ஏன் இங்கே? கண்டி மன்னருக்குக் கடலைத் தொட இருந்த வாசல்களில் மட்டக்களப்பும் ஒன்று. 1602இல் ஒல்லாந்தக் கடலோடி ஸ்பில்பேர்கன் இந்தக் கரையில் இறங்கித்தான் கண்டிக்குப் போய் விமலதர்மசூரிய மன்னரைச் சந்தித்தார். அந்த வாசலுக்குப் போட்ட பூட்டுத்தான் இந்தக் கோட்டை. ஆகவே கடலிலிருந்து வருகிறவனை மட்டுமல்ல, உள்நாட்டுப் பக்கத்தையும் கண்காணிக்கக் கட்டியது இது.

1638 மே மாதம் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட், கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கனின் படைத் துணையோடு இதைப் பிடித்தார். இலங்கையில் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கையில் விழுந்த முதல் கோட்டை இதுதான். சில நாட்களிலேயே மன்னருக்கும் ஒல்லாந்தருக்கும் ஒப்பந்தம் ஆனது. மன்னர் விரும்பினால் மட்டுமே கோட்டைகளில் ஒல்லாந்தப் படை இருக்கலாம் என்று மன்னரின் பிரதியில் இருந்த வாசகம், ஒல்லாந்தரின் பிரதியில் இல்லை! இதைத் தெரிந்துகொண்டு அந்த மதிலைப் பார்ப்பதும், தெரியாமல் பார்ப்பதும் ஒன்றல்ல. 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். கோட்டைக்குள் பழைய பீரங்கிகளைப் பார்க்கும்போது, வி எழுத்தின் இரண்டு கைகளிலும் ஓவும் சியும் கோத்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். உச்சி வெயிலில் போகாதீர்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கல் கொதிக்கும், காலை எட்டு ஒன்பது மணிக்கு முன்னமோ பின்னேரமோ நல்லது. மாரியில் பாசி பிடித்த கல்லில் சிலிப்பர் போட்டு ஏறுவது இடுப்பெலும்போடு விளையாடுவது. மதில் விளிம்பில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கும் பழக்கத்தை விடுங்கள், பழைய சுண்ணாம்புச் சாந்து எந்த இடத்தில் பிடி விட்டிருக்கிறது என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. பேர் கீறுவது, உதிர்ந்த கல்லை 'ஞாபகத்துக்கு' பையில் போடுவது எல்லாம் தொல்பொருட் சட்டப்படி குற்றம். உங்கள் பேரும் உங்கள் ஆளின் பேரும் அம்புக்குறியோடு அங்கே இருந்து யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

அப்புறம் ட்ரோன். வாவிக்கு மேலால் எடுத்தால் படம் அழகாக வரும், உண்மைதான். ஆனால் இலங்கையில் ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். வாசலில் நிற்பவரிடம் சிரித்துக் கேட்டு வாங்கும் சம்மதம் அதற்குப் பதிலாகாது. அனுமதியை வெளிக்கிடுவதற்கு முன்னமே எடுத்துவிடுங்கள்.