புது ஃபிளாட் ஆய்வு: எதைப் பார்ப்பது, ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவது

சென்னையில் சாவி வாங்கும் முன் ஃபிளாட்டை ஓர் ஆய்வாளரிடம் காட்டும் பழக்கம் பரவி வருகிறது. சிவில் படித்தவர்கள், சைட் வேலை அலுத்துப்போனவர்கள் எனப் பலரும் இந்தத் தொழிலுக்குள் வருகிறார்கள். அவர்களில் சிலர் தங்கள் முதல் ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பதுண்டு. குறைகளைக் கண்ணில் பிடித்திருப்பார்கள், அதில் பிரச்சினை இல்லை. எழுதியிருக்கும் வாக்கியங்கள்தான் பிரச்சினை. "இதெல்லாம் நார்மல் சார்" என்று பில்டரின் இன்ஜினியர் ஒரே வரியில் தள்ளிவிடலாம், அப்படி இருக்கும். அதனால்தான் இந்தப் பதிவு. பூச்சு, லிண்டல், சங்கன் ஸ்லாப் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கச் செக்லிஸ்ட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பேஸ்மென்ட், ஃபர்னஸ், மரச்சட்டக் கூரை என்று பக்கம் பக்கமாக ஓடும். நம் ஊரில் பார்க்க வேண்டியவை பாத்ரூம் தரை, பீமும் சுவரும் சேரும் கோடு, ஜன்னலின் கீழ்மூலை, டிபி பாக்ஸ் (வீட்டுக்குள் கரண்ட்டைப் பிரித்துவிடும் பெட்டி). செக்லிஸ்ட்டை நீங்களே எழுதுங்கள், ஒரு பக்கம் போதும்.

படி 1: பையில் என்ன இருக்க வேண்டும்

நாலடி ரசமட்டம், லேசர் டேப், மல்ட்டிமீட்டர், நம் ஊர் மூன்று முள் சாக்கெட் டெஸ்டர், நல்ல டார்ச், விரிசல் அகலம் பார்க்கும் பிளாஸ்டிக் கார்டு, மாஸ்கிங் டேப், பென்சில். டைல்ஸைத் தட்டிப் பார்க்க நுனியில் குண்டு வைத்த நீட்டுக் குச்சி கிடைக்கிறது. குனிந்து குனிந்து காசால் தட்டினால் மூன்றாவது ரூமில் முதுகு பிடித்துக்கொள்ளும், குச்சியையே வாங்குங்கள்.

தெர்மல் கேமராவை ஆரம்பத்தில் வாங்க வேண்டாம் என்பது என் பிடிவாதமான கருத்து. அது காட்டுவது பரப்பின் வெப்பநிலையைத்தான், தண்ணீரை அல்ல. பளபளப்பான டைல்ஸ் பக்கம் திருப்பினால் உங்கள் உடம்புச் சூடே பிரதிபலித்துத் தெரியும். படம் கலர் கலராக அழகாக இருப்பதால் கிளையன்ட் அசந்துபோவார், அதுவே ஆபத்து. அந்தப் பணத்தில் நல்ல ஈரப்பத மீட்டர் வாங்கலாம்.

லேசர் டேப் பற்றி ஒரு வார்த்தை. கருவியின் முன்விளிம்பிலிருந்து அளக்கிறதா, பின்விளிம்பிலிருந்தா என்று திரையில் ஒரு சின்னக் குறி இருக்கும். அதைப் பார்க்காமல் அளந்தால் ஒவ்வோர் அளவிலும் கருவியின் நீளம் கூடும் அல்லது குறையும். கார்ப்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பு) கணக்குப் போடும்போது இது சண்டையில் கொண்டுபோய் விடும். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் வரையறைப்படி உள்தடுப்புச் சுவர்கள் கார்ப்பெட் ஏரியாவில் சேரும். வெளிச்சுவர், குழாய்கள் ஓடும் ஷாஃப்ட், அந்த வீட்டுக்கே உரிய பால்கனி, திறந்த மொட்டைமாடி ஆகியவை சேராது. ரூம் ரூமாக அளந்து கூட்டிவிட்டு "ஏரியா குறைகிறது" என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் உள்சுவரை விட்டிருப்பார்கள்.

படி 2: தண்ணீர் வேலையை முதலில் தொடங்குங்கள்

நேரம் பிடிப்பது அதுதான். பாத்ரூம் நானி டிராப்பை (தரையில் தண்ணீர் வடியும் வாய்) பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஈரத்துணியால் அடைத்து, இரண்டு செ.மீ. அளவுக்குத் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் மட்டம் குறித்து, 24 மணி நேரம் விட வேண்டும். பில்டரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தண்ணீர் மட்டம் வாசற்படிக்குக் கீழே இருக்கட்டும். பாத்ரூமுக்கும் பெட்ரூமுக்கும் போதிய இறக்கம் இல்லாத வீடுகள் நிறைய, கவனிக்காவிட்டால் மரத்தரை ஊறிவிடும். மறுநாள் பார்க்க வேண்டியது உங்கள் பாத்ரூமை அல்ல, கீழ்வீட்டு சீலிங்கை. அந்த வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள்.

வாட்டம், அதாவது தண்ணீர் வடிவதற்கான தரைச்சரிவு, பார்க்க ரசமட்டத்தைவிட ஒரு பக்கெட் தண்ணீர் மேல். ஊற்றிவிட்டு வேறு வேலை பார்த்து வாருங்கள், எங்கே தேங்கியிருக்கிறது என்பது தானாகத் தெரியும்.

படி 3: விரிசல்

புதியவர்கள் இரண்டு எல்லையில் ஒன்றில் நிற்பார்கள். ஒன்று, எல்லா விரிசலும் "ஹேர்லைன்" (முடி போல மெல்லியது). இல்லாவிட்டால் எல்லாமே "ஸ்ட்ரக்சுரல்" (கட்டமைப்பையே பாதிப்பது). இரண்டு சொல்லையும் ரிப்போர்ட்டிலிருந்து தூக்கிவிட்டு அகலத்தை எழுதுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1984-ல் வெளியிட்ட எஸ்.பி. 25 கையேடு 1 மி.மீ.க்குக் கீழ் உள்ளதை மெல்லியது என்றும், 1 முதல் 2 வரை நடுத்தரம் என்றும், 2-க்கு மேல் போனால் அகலமானது என்றும் பிரிக்கிறது. கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை பொதுவாக 0.3 மி.மீ. மேற்பரப்பு விரிசலை வரம்பாக வைக்கிறது. இதைச் சுவர்ப் பூச்சுக்குப் பொருத்திப் பயமுறுத்தாதீர்கள், அது பீம், தூண், ஸ்லாபுக்கு உரியது.

அகலத்தோடு இடத்தையும் பாருங்கள். பீமுக்குக் கீழே படுக்கைவாட்டிலோ தூணை ஒட்டி நெட்டாகவோ நேர்கோட்டில் ஓடினால், பெரும்பாலும் கான்கிரீட்டும் கட்டுச்சுவரும் சேரும் இடத்தில் கோழிவலை அடிக்காமல் பூசியதன் விளைவு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பினால், சுவரின் மறுபக்கம் போய் அதே இடத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். பூச்சில் மட்டும் உள்ள விரிசல் மறுபக்கம் வராது. தூணிலோ பீமிலோ கம்பி ஓடும் திசையிலேயே விரிசல், கூடவே துருக்கறை என்றால் மேற்கொண்டு யோசிக்காமல் "ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேரில் பார்க்க வேண்டும்" என்று எழுதிவிடுங்கள். காரணம் சொல்வது அவர் வேலை.

படி 4: ஓதம்

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. ஈரப்பத மீட்டரைச் சுவரில் வைத்தால் 28 என்று காட்டும். ரிப்போர்ட்டில் "சுவரில் 28% ஈரப்பதம்" என்று போட்டுவிடுவார்கள். அந்த எண் சதவீதமே அல்ல. முள் வகை மீட்டர்கள் மரத்துக்காக அளவீடு செய்யப்பட்டவை. பூச்சிலோ கான்கிரீட்டிலோ அவை காட்டுவது ஒப்பிட்டுப் பார்க்க மட்டுமே உதவும். பில்டர் தரப்பில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்தால் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மொத்த ரிப்போர்ட்டையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடுவார்.

சரியான வழி இது. அதே வீட்டில், அதே பெயின்ட் அடித்த, பாத்ரூமோ வெளிச்சுவரோ அல்லாத ஓர் உள்சுவரைத் தேர்ந்தெடுங்கள். இடுப்பு உயரத்தில் மூன்று இடத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் அடிப்படை. பிறகு சந்தேகப்படும் சுவரில் தரையிலிருந்து 10, 30, 60, 100 செ.மீ. உயரங்களில், இரண்டடிக்கு ஒரு வரிசையாக அளங்கள். தனி எண்ணைவிட எண்கள் எந்தப் பக்கம் ஏறுகின்றன என்பதுதான் கதை சொல்லும். ஜன்னல் கீழ்மூலையில் உச்சமாகி விலக விலகக் குறைந்தால் மழைநீர். பாத்ரூமின் பின்சுவரில் ஒரு புள்ளியைச் சுற்றி உயர்ந்தால் குழாயையோ டைல்ஸ் இடுக்கையோ சந்தேகப்படலாம். தரைத்தளத்தில் அடியில் அதிகமாகி மேலே போகப் போகக் குறைந்தால் தரையிலிருந்து ஏறும் ஓதம். சுவர் முழுக்க ஒரே மாதிரி உயர்ந்திருந்தால் கவனம்: பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து அதிக நாள் ஆகாத சுவர் இன்னும் காயாமல் இருக்கலாம்.

இதில் இன்னொரு வில்லன் உப்பு. உப்புப் பூத்த சுவர் காய்ந்திருந்தாலும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், மீட்டர் எகிறும். கடற்கரையை ஒட்டிய ஏரியாக்களில் இது சகஜம். வெள்ளைப் பொடியைத் துலக்கிவிட்டு மறுபடி அளங்கள், எண் தடாலென்று இறங்கினால் பாதி விடை கிடைத்த மாதிரி. அப்படியும் குழப்பமாக இருந்தால், ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஓர் இரவு ஒட்டி வையுங்கள். ஷீட்டின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது ரூம் காற்றின் ஈரம்.

எந்த மாதத்தில் பார்த்தீர்கள் என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். மே மாதம் பார்த்த வெளிச்சுவர் பற்றி அக்டோபர் மழை என்ன சொல்லும் என்று உங்களால் உறுதி கூற முடியாது. "ஆய்வு நடந்த நாளிலும் அதற்கு முந்தைய வாரத்திலும் மழை இல்லை, வடகிழக்குப் பருவமழையில் மறுபடி பார்ப்பது நல்லது" என்ற வரி என் ரிப்போர்ட்டுகளில் நிரந்தரம். ஸ்லைடிங் ஜன்னலின் அடிச்சட்டத்தில் தண்ணீர் வெளியேறும் துளைகள் சிமென்ட்டால் அடைபட்டிருக்கின்றனவா என்பதைக் கோடையிலும் பார்க்கலாமே, அதை விடாதீர்கள்.

படி 5: மின்சாரம்

சாக்கெட்டை நேருக்கு நேர் பார்த்தால் மேலே எர்த், வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல். டெஸ்டரைச் செருகினால் மாறியிருப்பதைக் காட்டிவிடும். ஆனால் நியூட்ரலும் எர்த்தும் இடம் மாறியிருந்தால் அதற்குத் தெரியாது, பச்சை விளக்கே எரியும். மல்ட்டிமீட்டரும் அங்கே கைகொடுக்காது. சந்தேகம் வந்தால் எலக்ட்ரீஷியன் போர்டைத் திறக்கட்டும், நீங்கள் திறக்க வேண்டாம். மல்ட்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எண்ணோடு குறித்து வையுங்கள்.

30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யின் (மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் கருவி) டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழுந்தால் கருவி வேலை செய்கிறது என்று மட்டுமே பொருள், எர்த்திங் சரி என்று பொருள் அல்ல. மின்வாரிய இணைப்பு வராமல் சைட் தற்காலிகக் கரண்ட்டில் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் எழுதுங்கள், பிறகு எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

படி 6: எழுதுவது

ஒவ்வொரு குறைக்கும் நான்கு கேள்வி: எங்கே, என்ன, எப்படிப் பார்த்தேன், அடுத்து யார் என்ன செய்ய வேண்டும்.

"பாத்ரூம் வாட்டம் சரியில்லை." இதை வைத்து யாரும் எதையும் செய்ய முடியாது.

"மாஸ்டர் பாத்ரூம், ஷவர் பகுதி. ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி 15 நிமிடம் கழித்துப் பார்த்தபோது, கதவிலிருந்து பார்க்க இடது மூலையில் 40 × 25 செ.மீ. பரப்பில் 4 மி.மீ. ஆழத்துக்குத் தேங்கியிருந்தது. அந்தப் பகுதி டைல்ஸை எடுத்து நானி டிராப் நோக்கி வாட்டம் கொடுத்துப் பதிக்க வேண்டும். பதித்த பின் இதே சோதனையை மறுபடி செய்ய வேண்டும்." இதற்கு "நார்மல் சார்" என்று பதில் சொல்வது கஷ்டம்.

"கதவிலிருந்து பார்க்க" என்று எழுதியதைக் கவனித்தீர்களா? திசை எழுதுவதாக இருந்தால் வரைபடத்தில் உள்ள வடக்கை எடுங்கள். போன் காம்பஸ் சுவருக்குள் இருக்கும் கம்பிக்குப் பக்கத்தில் போனதும் ஆடும். (வாஸ்து பார்ப்பீர்களா என்று கிளையன்ட்டின் மாமனார் கேட்பார். வடக்கு எது என்றுகூட நிச்சயமாகச் சொல்ல முடியாத கருவி கையில் இருக்கிறது என்று சிரித்துச் சமாளியுங்கள்.)

உள்ளே காலியாக ஒலிக்கும் டைல்ஸுக்கு "பல இடங்களில் ஹாலோ" என்று எழுதாமல், மாஸ்கிங் டேப் ஒட்டிப் படம் எடுத்து, "ஹாலில் 64-ல் 9" என்று எண்ணிக்கை கொடுங்கள். ஓரம் மட்டும் ஒலிக்கிறதா, நடுவிலுமா என்பதையும் சேருங்கள். எதை மாற்றச் சொல்வது என்பது கிளையன்ட்டின் முடிவு.

பார்க்க முடியாதவற்றுக்குத் தனிப் பகுதி வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, பூட்டிய ஷாஃப்ட், சாவி கிடைக்காத மொட்டைமாடி எல்லாம் காரணத்தோடு அங்கே வரட்டும். இதை எழுதத் தயங்குகிறவர்கள் உண்டு, வேலை செய்யாத மாதிரி தெரியுமாம். நாளைக்கு அங்கிருந்துதான் ஒழுகும், அன்று இந்தப் பகுதிதான் உங்களைக் காப்பாற்றும்.

"வாங்கலாமா சார்?" என்று கேட்பார்கள். அதற்கு ரிப்போர்ட்டிலும் வாயாலும் பதில் சொல்லாதீர்கள். சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீடும் வேண்டாம். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருந்தாலும் முதல் பக்கத்தில் தமிழில் சுருக்கம் வையுங்கள். பணம் கொடுக்கும் அப்பா அதைத்தான் படிப்பார்.

தேதி முக்கியம். ரெரா சட்டம் பிரிவு 14(3)-ன்படி, கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ உள்ள குறையை, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் பில்டரின் கவனத்துக்குக் கொண்டுவந்தால், அவர் 30 நாளுக்குள் கூடுதல் கட்டணம் இல்லாமல் சரிசெய்து தர வேண்டும். கவனத்துக்குக் கொண்டுவந்த நாள் எது என்பதற்கு அத்தாட்சி வேண்டும் அல்லவா? ரிப்போர்ட்டை கிளையன்ட் தன் மெயிலிலிருந்து பில்டருக்கு அனுப்பச் சொல்லுங்கள், போனில் சொன்னது கணக்கில் வராது.

பிற்சேர்க்கை

வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களில் தேதி விவரம் காணவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அளவைக் குறைத்து அந்த விவரங்களையும் நீக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், மூலப்படங்களை ஆண்டுக்கணக்கில் வைத்திருங்கள். ஒரு குறைக்கு மூன்று படம்: ரூம் தெரிய, சுவர் தெரிய, அளவுகோல் வைத்துக் கிட்டத்தில்.

ஆறே வீடு உள்ள சின்ன அபார்ட்மென்ட்டுக்கும் ரெரா உண்டா என்று இன்னொரு கேள்வி. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் போகாவிட்டாலோ, எல்லாக் கட்டங்களும் சேர்த்து வீடுகள் 8-க்கு மேல் இல்லாவிட்டாலோ, திட்டத்தைப் பதிவு செய்யத் தேவையில்லை என்று பிரிவு 3 சொல்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ரிப்போர்ட்டில் சட்டப்பிரிவு எதையும் எழுதாதீர்கள். விற்பனை ஒப்பந்தத்தில் குறை நிவர்த்திக்கு என்ன காலம் எழுதியிருக்கிறது என்று வழக்கறிஞரிடம் கேட்கச் சொல்லிவிட்டு, உங்கள் அளவுகளோடு நில்லுங்கள்.

கடைசியாக ஒன்று. பில்டரின் ஆள் உங்களிடமே நேராக "எங்களுக்கும் ஒரு காப்பி கொடுங்க சார்" என்று கேட்டால் கொடுக்கலாமா? பணம் கொடுத்தவர் சம்மதம் எழுத்தில் வரும்வரை கூடாது. சைட்டில் வைத்துக் கேட்பார்கள், டீ வாங்கிக் கொடுத்துக் கேட்பார்கள். டீயைக் குடித்துவிட்டு, கிளையன்ட்டிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.