சாயங்காலமெல்லாம் பால் கேட்கும் பச்சிளங்குழந்தை

பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிப்பது இயல்பு. ஆனால் இடைவெளி சீராக இருக்காது. சாயங்காலம் ஆனால் அரை மணிக்கொருமுறை கேட்கும். 2-3 வாரத்திலும் 6 வாரத்தையொட்டியும் சில நாட்கள் இன்னும் கூடும். "பால் பத்தலை, பவுடர் பால் கொடு" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். தேவையில்லாமல் புட்டிக்குப் போனால் சுரப்பு குறையும்.

பால் போதுமா என்பதை அழுகை சொல்லாது, ஈரத்துணி சொல்லும். 5ஆம் நாளுக்குப் பிறகு தினமும் 6 முறையாவது வெளிர்நிறச் சிறுநீர், 3 முறையாவது மஞ்சள் மலம். 2 வாரத்துக்குள் பிறந்த எடை திரும்ப வேண்டும்.

பால் போதவில்லை என்றால், பெரும்பாலும் கோளாறு குழந்தை மார்பைக் கவ்விப் பிடிக்கும் விதத்தில்தான். காம்பை மட்டும் கவ்வினால் தாய்க்கு வலி, குழந்தைக்கு அரைவயிறு. வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ்ப்பகுதி நன்றாக உள்ளே போகும்படி அணையுங்கள். கீழுதடு வெளியே மடிந்து, முகவாய் மார்பில் பதியவேண்டும். வலித்தால் இழுக்காமல், சுண்டுவிரலை வாயோரம் நுழைத்து விடுவித்து மறுபடி கொடுங்கள். விழுங்குவது நின்றால் மார்பை மெல்ல அழுத்துங்கள். அப்போதும் விழுங்காவிட்டால் பக்கம் மாற்றுங்கள்.

தாய் சாயங்காலத்துக்கு முன்பே சாப்பிட்டுவிடட்டும். இரவுச் சமையல் வேறொருவர் பொறுப்பு. குழந்தைக்குத் தேன், சர்க்கரைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

சிறுநீர் குறைந்தாலோ, எழுப்பினாலும் குடிக்காமல் துவண்டாலோ, உடலில் மஞ்சள் கூடினாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.