காமரா உள்ளை விருந்தாளி அறையாக மாற்றுவது எப்படி

மார்கழி பிறந்துவிட்டால் ஸ்ரீரங்கத்தில் வெளியூர்ச் சொந்தம் வந்து தங்காத வீடு குறைவு. வைகுண்ட ஏகாதசிக்கு முன் பத்து நாள் நடக்கும் பகல் பத்து உற்சவம் சேவிக்க வருபவர்கள், ஏகாதசிக்கு முதல் நாள் இரவு வந்து இறங்குபவர்கள், அதன்பின் பத்து நாள் நடக்கும் இராப்பத்து முடியும் வரை இருக்கும் பெரியவர்கள் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்தோம். இப்போது வருபவர்களுக்கு முட்டி வலி. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். அதனால் பழைய சாமான் அடைத்து வைத்திருந்த காமரா உள்ளை, அதாவது தனி அறையை, அவர்களுக்கென்றே மாற்றினோம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டி, மேலே மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பரப்பிய கூரை) போட்ட வீடு எங்களுடையது. இந்த மாதிரி வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தால், இப்படிச் செய்யுங்கள்.

சாமானைக் காலி செய்ததும் பெயிண்ட் கடைக்குப் போக வேண்டாம். வீட்டில் யாராவது ஓர் இரவு அங்கே படுத்துப் பாருங்கள். தெருவிளக்கு கண்ணில் அடிக்கிறதா, தண்ணீர் மோட்டார் சத்தம் கேட்கிறதா, கொசு எந்தப் பக்கமாக வருகிறது, இருட்டில் கை எங்கே சுவிட்சைத் தேடுகிறது, கழிவறைக்குப் போகும் வழியில் எத்தனை படி காலில் இடறுகிறது என்று எல்லாம் அந்த ஒரு ராத்திரியில் தெரிந்துவிடும். விருந்தாளி இந்த அறையைப் பயன்படுத்தப்போவது பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான். பகலில் அவர் கோயிலில் இருப்பார், இல்லாவிட்டால் நம்மோடு கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். ஆகவே செலவு செய்யும் ஒவ்வொரு ரூபாயும் முதலில் இரவுக்குப் போகட்டும்.

அடுத்தது சுவர். இதில்தான் அதிகக் காலம் பிடிக்கும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள ஊர் இது. மண்ணில் உள்ள ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். ஈரம் காய்ந்ததும் உப்பு மட்டும் பூச்சுக்குள் தங்கி, பூத்துப் பொரிந்து, சுவரை உதிர்க்கும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து, தாளில் சுவரை ஒட்டிய பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை. அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறையோ, ஒழுகும் குழாயோ, மழைத்தண்ணீர் கொட்டும் தாழ்வாரமோ இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கொத்தனார் பெரும்பாலும், "சிமெண்டு பூசிடலாம்மா, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்பார். சுண்ணாம்புக் காரைச் சுவருக்கு அது ஆகாது. சிமெண்டு ஈரத்தை வெளியே விடாது. அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறி, சிமெண்டு முடிகிற இடத்தில் வெடிக்கும். பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தாலும் இதே கதைதான். ஈரம் தெரியும் மட்டத்துக்கு மேல் ஓர் அடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல் தெரியும்படி பங்குனி, சித்திரை முழுக்க ஜன்னலைத் திறந்துபோட்டுக் காயவிடுங்கள். பூத்திருக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். அப்புறம் ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த மணல் சேர்த்துப் பூச வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்துக் குழைக்கத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள். சுண்ணாம்புப் பூச்சு மெதுவாகத்தான் இறுகும்; ஐப்பசி மழை தொடங்குவதற்குள் காய்ந்துவிடும்படி வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

மேலே வெள்ளை அடிப்பதும் சுண்ணாம்பாகவே இருக்கட்டும். கெட்டியாக ஒரே தடவை அடிக்காமல், நீர்க்கக் கரைத்து மூன்று கை அடிக்க வேண்டும். கொஞ்சம் வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்றினால் துணியில் ஒட்டுவது குறையும். துளி நீலம் கலந்தால் வெள்ளை பளிச்சென்று தெரியும். கரைக்கும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து.

மின்சார வேலையை வெள்ளை அடிப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பழைய செங்கல் சுவரில் காடி வெட்டிக் குழாய் புதைக்க வேண்டாம். சுவரின் மேலேயே ஓடும், மூடி போட்ட பிளாஸ்டிக் பட்டையான கேசிங் கேப்பிங் போட்டால் சுவர் பிழைக்கும். வாசல் பக்கம் ஒன்று, தலைமாட்டில் ஒன்று என்று விளக்குக்கு, இரண்டு இடத்திலிருந்தும் போட்டு அணைக்கும் டூ வே சுவிட்ச் வையுங்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் போன் சார்ஜ் செய்ய ஒரு பிளக் வேண்டும். நீல வெளிச்சம் அடிக்கும் 6500 கெல்வின் பல்பு தூங்கும் அறைக்கு ஒத்து வராது. இதமான மஞ்சள் வெளிச்சம் தரும் 3000 கெல்வின் வாங்குங்கள். முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன இரவு விளக்கு இருந்தால், கீழே கால் வைக்கும் இடம் தெரியும், தூங்குபவர் கண்ணிலும் படாது. 1200 மில்லிமீட்டர் பிஎல்டிசி (மின்சாரம் குறைவாக எடுக்கும் மோட்டார் உள்ள) மின்விசிறி போட்டோம். சாதாரண விசிறி 75 வாட் எடுக்கும் இடத்தில் இது முப்பது சொச்சம்தான் எடுக்கிறது. ரிமோட் இருப்பதால் குளிரெடுத்தால் படுத்தபடியே குறைத்துக்கொள்ளலாம். மெட்ராஸ் டெரஸ் கூரை உயரம் என்பதால் நீளமான ராடு கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் காற்று கட்டிலுக்கு வராது.

சிவப்புக் காவித் தரை இருந்தால் அதன்மேல் டைல்ஸ் ஒட்டிவிடாதீர்கள். நன்றாகத் துடைத்து, தேங்காய் எண்ணெயை மிக மெல்லியதாகத் தேய்த்து, வழுக்காதபடி உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் அதைவிட அழகான தரை கிடையாது.

ஒரு பெரிய கட்டிலுக்குப் பதில் இரண்டு ஒற்றைக் கட்டில் நல்லது. தம்பதி வந்தால் சேர்த்துப் போடலாம், பெரியம்மாவும் அத்தையும் வந்தால் பிரித்துப் போடலாம். மெத்தையோடு சேர்த்துத் தரையிலிருந்து 18 அங்குலம் இருக்கட்டும். முட்டி வலிக்காரர்கள் உட்கார்ந்து எழ அந்த உயரம் வசதி. சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போட்டால் காற்று புழங்கும், போர்வையில் சுண்ணாம்பும் படாது. கொசுவலை கட்ட நாலு மூலையிலும் கொக்கி அடித்துவிடுங்கள்.

அலங்காரத்துக்கு நான் துணியைத்தான் நம்புகிறேன். சென்னிமலை பெட்ஷீட் இரண்டு ஜோடி, கீழே ஒரு பவானி ஜமக்காளம். ஜன்னலுக்கு, கட்டிக் கட்டி மெத்தென்று ஆகிவிட்ட உறையூர்ப் பருத்திப் புடவையைக் கிழித்துத் திரை தைத்தேன். காலை வெயில் அதன் வழியே வரும்போது வெள்ளைச் சுவர் முழுக்க அதன் நிறம் ஏறுகிறது. சுவரில் ஒரே ஒரு படம் போதும். அலமாரியில் நம் சாமானை ஒளித்து வைக்காமல் இரண்டு தட்டாவது காலியாக விடுங்கள். தட்டு முழுக்க நம் துணி இருந்தால் வந்தவர் பெட்டியைத் திறக்கவே கூச்சப்படுவார். பெட்டி வைக்கத் தாழ்வான பெஞ்சு ஒன்று வேண்டும், குனியாமல் துணி எடுக்கலாம். விடியுமுன் குளித்துவிட்டுப் பரமபத வாசலுக்குப் போகிறவர்களுக்கு ஈரத்துணி உலர்த்த இடம் தேவை. தாழ்வாரத்தில் அவர்களுக்கென்று தனியாக ஒரு கொடி கட்டிவிட்டோம்.

தலைமாட்டில் மூடி போட்ட சொம்பில் தண்ணீர், ஒரு டார்ச், ஒரு கடிகாரம். கழிவறை கொல்லைப்புறத்தில் இருந்தால் வழிநெடுக வெளிச்சமும், படி இருக்கும் இடத்தில் சுவரில் கைப்பிடியும் கட்டாயம். உள்ளே வழுக்காத விரிப்பு போடுங்கள். வாசல் சாவி ஒன்றை ஆணியில் மாட்டி, வந்த அன்றைக்கே காட்டிவிடுங்கள். அதிகாலையில் கிளம்புகிறவர் யாரையும் எழுப்பத் தயங்கி நிற்க வேண்டியதில்லை. விருந்தாளி வர ஒரு வாரம் இருக்கும்போது மெத்தை, தலையணையை மொட்டைமாடி வெயிலில் போட்டு எடுங்கள். மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த அறையில் அந்த வாடை போக வேறு வழி இல்லை.